முத்திரை உடையாத குப்பி

ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறார் தொக்தார். எங்கள் ஊர் ஒஸ்கெமென் சந்தையில் வேறு யாரும் செய்யத் துணியாத காரியம். எங்கள் பக்கம் ரொட்டியைக் கவிழ்ப்பது வீட்டுக்கு ஆகாது. ரொட்டிக்காரி தினமும் கத்துவாள். "யோவ் பெரியவரே, கவுக்காதய்யா! அது ரொட்டி, உன்னோட உலோகக் கட்டி இல்ல!" இவர் அசரமாட்டார். "மேல நல்லாத்தான் வெந்திருக்கு. அடியில என்னா இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்?" மீதிப் பணமாகத் தரும் தெங்கே நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவார்.

நான் எதிர்வீட்டுக்காரன். என்னையே இன்னும் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல்தான் விசாரிப்பார்.

உலோகம் உருக்கும் உலைகளின் ஊர் எங்களுடையது. நாலு காசு சேர்ந்தால் தங்கம் வாங்குபவர்களும் உண்டு, அரிய உலோகம் வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. எது நல்லது என்று கேட்டு முற்றத்துப் பெஞ்சுக்கு வருகிறவர்களிடம் தொக்தார் ஒவ்வொன்றாகத் தோலுரிப்பார்.

"ரேனியமா? விமான எஞ்சினுக்குப் போகுதும்பான். விமானக் கம்பெனிக்காரன் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பானா? ஹாஃப்னியம்? அணு உலைக்காரன் வாங்குவான். அவன்கிட்ட நீ பேரம் பேசுவியாக்கும்! ஜெர்மானியம், கை தவறினா கண்ணாடியாட்டம் சில்லுசில்லாப் போயிரும். காலியம் இருக்கே, அது அதவிட மோசம். சட்டைப் பையில வெச்சா உடம்புச் சூட்டுக்கே உருகிடும். தண்ணியா ஓடுறதெல்லாம் ஒரு சொத்தா? விக்கிறவன் ஆயிரம் பேரு இருக்கான். திரும்ப வாங்குறவன் எவன்? அவனக் காட்டு மொதல்ல."

இண்டியத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். அது சொந்தக் கதை. ஒரு கட்டி வாங்கினார். முத்திரை வைத்த உறை, சான்றிதழ், எல்லாம் சரியாக இருந்தது. வளைத்தால் கீச்சென்று அழும், அதுதான் அசல் இண்டியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்குத் தூக்கம் வருமா? உறையைக் கிழித்து வளைத்துப் பார்த்தார். அழுதது. அசல்தான். ஆனால் முத்திரை போன சரக்கை எவனும் தொடமாட்டேன் என்றுவிட்டான். இப்போது அந்தக் கட்டி அவருடைய சமையலறைச் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

இப்படிப்பட்டவருடைய தங்கை ரவுஷான் போன குளிர்காலத்தில் என்ன செய்தாள் தெரியுமா? செத்துப்போன புருஷனின் கார் கொட்டகையை விற்று, இருந்த மொத்தப் பணத்தையும் காலியத்தில் போட்டாள். விற்றவர் ஜெய்னொல்லா. அவருடைய மகனுக்குத்தான் ரவுஷானின் மகள் அக்போதாவை நிச்சயம் செய்திருந்தது. முத்திரை உடையாமல் இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அதே விலைக்குத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"சம்பந்தியும் அவனே, வியாபாரியும் அவனே. பாலுக்குப் பூனையக் காவல் வெச்சிருக்கா என் தங்கச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தொக்தார். எனக்கும் ஜெய்னொல்லாவைப் பிடிக்கவில்லை. அதிகம் சிரிக்கிற ஆள்.

சரக்கைக் கொடுக்கும் நாளில் ஜெய்னொல்லா வீட்டில் விருந்து. தொக்தாரையும் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு காரை நான்தான் ஓட்டிப் போனேன். குளிர்ந்த பால்கனியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே வரிசையாக வெள்ளைக் குப்பிகள், மூடியைச் சுற்றி ஈய முத்திரை. தொக்தார் அடியிலிருந்து ஒன்றை உருவினார். மடக்குக் கத்தியும் வெளியே வந்துவிட்டது.

ஜெய்னொல்லாவின் சிரிப்பு நின்றது. "அறுத்துப் பாருங்க சம்பந்தி. ஆனா அறுத்தத நான் திரும்ப எடுத்துக்க முடியாது. அப்புறம் ஒண்ணு, நம்மள நம்பாத வீட்டுல பொண்ணு எடுக்கறதும் சரியா வராது."

அக்போதா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, உன் கால்ல விழறேன், கத்திய உள்ள வை" என்றாள் ரவுஷான். அறுத்தால் பணமும் போகும், கல்யாணமும் போகும். அறுக்காவிட்டால் உள்ளே இருப்பது ஈயமா வேறு எதுவுமா என்று எவனுக்குத் தெரியும்?

தொக்தார் கத்தியை மடக்கினார். குப்பியைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஜுரமானி வைத்த பிள்ளை மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலியம் என்றால் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும்; ஈயமோ தகரமோ என்றால் விடிய விடிய இடுக்கினாலும் கல்லாகத்தான் கிடக்கும்.

குதிரைக் கறி வந்தது. தொடவில்லை. சாறு வந்தது. தொடவில்லை. ஜெய்னொல்லாவின் மனைவி ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "ஒரு வாய் பிட்டுக்குங்கண்ணே. ரொட்டியக்கூடத் தொடாம இருந்தா எப்படி?" ஒரு வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டால் அந்த வீட்டுக்காரனைப் பொய்யன் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "அப்புறமாம்மா" என்றார். ஜெய்னொல்லாவின் காது மடல் சிவந்துகொண்டே போனது. இந்த ஆள் இப்போது எழுந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நான் கார்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டேன்.

பால் ஊற்றிய தேநீர் இரண்டாவது சுற்று வந்தபோது தொக்தார் குப்பியை வெளியே எடுத்தார். காதோரம் வைத்து மெல்லச் சாய்த்தார். உள்ளே கனமாக ஏதோ ஒன்று தளும்பிப் புரண்டது. மறுபக்கம் சாய்த்தார். மறுபடியும் புரண்டது.

குப்பியைப் பெட்டியில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. ரொட்டியை இழுத்தார், மேல்பக்கத்தில் ஒரு துண்டு பிட்டார், கவிழ்த்துப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.