சோறில்லாத் தட்டு

கிண்ணியாவில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் காலை ஆறு மணிக்கு முன் இடியப்பம் போய்ச் சேர வேண்டும். அவித்துக் கொடுப்பவள் றம்லா. பதினொரு வருடமாக அவளுடைய நாள் அரிசி மாவில் தொடங்குகிறது. கொதிதண்ணீர் ஊற்றி மாவைக் குழைப்பாள், உரலில் அடைத்துத் தட்டுகளில் பிழிவாள், அவிந்ததும் பத்துப் பத்தாக அடுக்குவாள். உப்புப் பார்க்க முதல் தட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போடுவாள். உடைந்தது, கரை காய்ந்தது, வட்டம் பிசகியது எல்லாம் பிறகு அவள் வயிற்றுக்குள்தான் போகும். கடைக்குக் கொடுக்க ஏலாததை வேறு என்ன செய்வது?

நாற்பத்து நாலு வயதான அவளுக்கு ஆறு வருடமாகச் சீனி வருத்தம். கணவன் முனீப் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கரில் நெல் செய்கிறான். ஒரே மகள் அம்ரா உயர்தரம் படிக்கிறாள். நெல்லும் அரிசியும் மாவுமாக இருக்கும் அந்த வீட்டில் சீனி வருத்தக்காரி ஒருத்தி என்னத்தைத் தின்று தப்புவது என்று யாரும் யோசித்ததில்லை.

றம்லா மட்டும் யோசித்தாள். அவளுடைய வாப்பாவுக்கும் இதே வருத்தம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் அவர் அந்தக் காலின் சுண்டுவிரல் கடிக்கிறது என்று சொல்லி, சொறிந்துவிடச் சொல்வார். றம்லா வெறும் படுக்கை விரிப்பைச் சொறிந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சுகமாகிவிடும். அவர் மவுத்தாகி எட்டு வருடமாகியும், தன் காலில் ஊசி குத்துவது போல் இருக்கும் ஒவ்வொரு முறையும் அவள் குனிந்து விரல்களை எண்ணிப் பார்ப்பாள்.

போன வருடம் ஆனி மாதத்துக் கிளினிக்கில் அவளுக்குச் சீனி இருநூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. டொக்டர் குளிசையைக் கூட்டி எழுதினார். எப்போதும் போல், சோற்றைக் குறையுங்கள் என்றார். குறைப்பது எப்படி என்று றம்லாவுக்குத் தெரிந்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்னமே குறைத்திருப்பாள். இரண்டு நாள் அரை வயிற்றோடு எழும்புவாள். மூன்றாம் நாள் இடியப்பச் சட்டியைத் திறந்ததும் கை தானாகப் போகும். பிறகு தன் மேலேயே ஆத்திரம் வரும்.

அன்று பின்னேரம் டோஹாவிலிருந்து தங்கை பஹ்மியாவின் குரல் செய்தி வந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கும் பஹ்மியா, அறையில் இருக்கும் இந்தியப் பிள்ளைகளோடு சேர்ந்து பேலியோ என்றொரு சாப்பாட்டு முறைக்கு மாறிப் பதினாலு கிலோ குறைந்திருந்தாள். "ராத்தா, ஒருத்தரும் ஒங்கள அரை வயித்தில எழும்பச் சொல்லல்ல. வயிறு நிறையத் தின்னுங்க. சோறு, மா, சீனி, பருப்பு மட்டும் வேணாம். முட்டை, மீன், இறைச்சி, தேங்காய், கீரை. அந்தக் காலத்து மனிசன் நெல்லு விதைக்க முந்தி இதத்தானே திண்டான்."

அந்தக் காலத்து மனிதனைப் பற்றி றம்லாவுக்கு அக்கறை இருக்கவில்லை. வயிறு நிறைய என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. ஆறு வருடத்தில் அவளிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

அடுத்த நாளே தொடங்கினாள். கடல் நல்ல கடலாக இருந்த காலம். பாரை மீனும் சூடை மீனும் மலிந்து கிடந்தன. காலையில் தேங்காய் எண்ணெயில் பொரித்த மூன்று முட்டை, பகலில் மீனும் வல்லாரைச் சம்பலும், இராவைக்கு முருங்கையிலையும் பழுக்கச் சுட்ட கருவாடும். பாதாம் தின்னச் சொன்னாள் பஹ்மியா. அது பணக்காரர் கொறிக்கிற சாமான் என்று விட்டுவிட்டு, றம்லா தேங்காய்ச் சொட்டுகளைக் கடித்தாள். கச்சான் கடலையும் ஆகாதாம், பருப்புச் சாதியாம். முதல் கிழமை தலை வெடித்துவிடும் போல் இருந்தது. கை கால் துணியாகத் தொங்கியது. இடியப்பம் பிழியும்போது ஆவியில் வரும் அரிசி வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பிவிட்டுப் பிழிந்தாள். உப்புப் பார்க்க அம்ராவை எழுப்பினாள்.

மூன்றாம் கிழமை ஒரு நாள் விடியப்புறம் விழித்தபோது அவளுக்குத் தாகம் இருக்கவில்லை. அப்படி விழித்து எத்தனை வருடம் என்று நினைவில்லை. முழங்கால் வலிக்காமல் குந்தி எழும்பினாள். மீன் முள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பஹ்மியா ஒரு பயணக்காரரிடம் கொடுத்தனுப்பிய சீனி பார்க்கிற மெசினில் நூற்று முப்பத்தெட்டு வந்தது. இரண்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தாள். அபாயாவை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

முனீப் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தான். மனிசி மெலிந்தால் ஊர் அவனைக் கேட்கும் என்ற கூச்சம் கொஞ்சம். பெண்களின் பைத்தியம், ரெண்டு மாதத்தில் போய்விடும் என்ற நம்பிக்கை கொஞ்சம். போகவில்லை. புரட்டாதியில் வெள்ளாமை வெட்டினான். முதல் மூட்டையைக் குத்துவித்து, புது அரிசியைத் தானே குசினிக்குள் கொண்டுவந்து வைத்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு போகமும் அந்த அரிசியில் பாற்சோறு காய்ச்சி, முதல் கவளத்தை றம்லாவுக்கு அவன் கையால் கொடுப்பது வழக்கம். அன்றும் தட்டை நீட்டினான். றம்லா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அட்டைக் கடி பட்டு சேத்தில நிண்டு விளைவிச்சது, ஒனக்கு நஞ்சாப் போச்சு, என்ன?" என்றான் முனீப்.

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். மெல்லத்தான் சொன்னான். தட்டை அம்ராவின் பக்கம் தள்ளிவிட்டு வயலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது நின்றுபோனது. றம்லா இரண்டு உலை வைத்தாள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று தனக்கு. தன்னுடையதைக் குசினி மூலையில் நின்றபடியே தின்று முடிப்பாள்.

ஐப்பசி கடைசியில் மழை தொடங்கியது. கடல் பொங்கி, தோணிகள் கரையில் ஏறிக் கவிழ்ந்து கிடந்தன. மீன் யானை விலை. முட்டைக்கும் விலை ஏறியது. வீட்டுக் கோழி மழைக்கு முட்டையிடுவதை நிறுத்தியது. மாட்டிறைச்சி ஒரு கிழமைக்குக் கால் கிலோ எடுத்தால் அதை மூன்று பேருக்குப் பங்கிட வேண்டும். மகளின் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துத் தன் தட்டில் போட எந்தத் தாய்க்கும் கை வராது. றம்லாவின் சாப்பாடு சுருங்கிச் சுருங்கிக் கீரையும் தேங்காயுமாகியது. வயிறு நிறைய என்ற சொல்லும் மழையோடு போயிற்று. ஆனாலும் சோற்றுக்குத் திரும்ப அவளுக்குப் பயம். திரும்பினால் அந்தத் தாகம் வரும், கால் குத்தும்.

இன்னொரு பயமும் இருந்தது. சீனி இறங்கின பிறகு குளிசை வேண்டாம் என்று பஹ்மியா சொன்னாள். குளிசையை விட நினைத்தாலே வாப்பாவின் கால் கண் முன்னே வந்தது. கிளினிக்கில் கேட்கலாம் என்றால், சோற்றை அடியோடு விட்டதாகச் சொன்னால் ஏசுவார்கள். ஆவணிக் கிளினிக்கில் சீனி அளவைப் பார்த்து நல்லம் என்றார்கள். என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டபோது, சோற்றைக் குறைத்தேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள். அடுத்த கிளினிக்குக்கு மழையைச் சாட்டிப் போகவேயில்லை. தங்கையையும் நம்பி டொக்டரையும் நம்பி, கூட்டி எழுதிய குளிசையை அப்படியே விழுங்கிக்கொண்டு சோறில்லாமல் இருந்தாள்.

மார்கழி நடுவில் ஒரு நாள் காலை, கடைசித் தட்டுகள் அவிந்துகொண்டிருந்தபோது அவளுக்கு நெற்றி வேர்த்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தாள். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. உரலைப் பிடிக்க ஏலவில்லை. எதிரே சுவரில் தொங்கிய நாட்காட்டி இரண்டாகத் தெரிந்தது. அம்ராவைக் கூப்பிட வாயெடுத்தாள், பெயர் வரவில்லை. மகளின் பெயர் என்ன என்று யோசித்தபடியே சரிந்து விழுந்தாள்.

சட்டி உருண்ட சத்தத்துக்கு ஓடி வந்த முனீப் அவளைத் தூக்கி மடியில் கிடத்தினான். உடம்பு ஐஸாகக் குளிர்ந்து நனைந்திருந்தது. அம்ரா பாடசாலையில் படித்ததை வைத்து, "வாப்பா, சீனி இறங்கிட்டு, சீனி குடுங்க" என்று கத்தினாள். ஒரு கோப்பையில் நாலு கரண்டி சீனியைக் கரைத்து வாயருகே கொண்டுவந்தார்கள். அரை நினைவில் இனிப்பின் வாசனை பட்டதும் றம்லா பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையை அங்கும் இங்கும் ஆட்டினாள். அவ்வளவு நாள் பழகிய மறுப்பு, நினைவு தப்பியும் அவளை விடவில்லை.

"குடி புள்ள, குடி. ஒண்டும் ஆகாது. நான் தாறன், குடி" என்று முனீப் அழுதான். கன்னத்தை அழுத்தி உதடுகளை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டான். அரைவாசி கழுத்தில் வழிந்தது. மிச்சம் இறங்கியது. சற்று நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, மகளைப் பார்த்து, "அம்ரா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கிளினிக் டொக்டரே வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இந்த முறை றம்லா எல்லாவற்றையும் சொன்னாள். ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். டொக்டர் அவளுடைய கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "சோத்த விட்டதால ஒங்கட சீனி நல்லா இறங்கியிருக்கு. அதில பிழையில்ல. எங்களுக்குச் சொல்லாம விட்டதுதான் பிழை. சாப்பாடு மாறினா குளிசையும் மாற வேணும்" என்றார். ஒரு குளிசையை நிறுத்தி மற்றதைப் பாதியாக்கினார். சோற்றை முற்றாக விடத்தான் வேண்டும் என்றில்லை, விட்டால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அன்றிரவு றம்லா தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். பஹ்மியாவின் பதில் அடுத்த நாள்தான் வந்தது. அழுதுகொண்டு பேசியிருந்தாள். அவள் பேலியோவை விட்டு நாலு மாதமாம். கம்பனி தங்குமிடத்தை மாற்றியதும் அங்கே சமைக்க விடுவதில்லை, பெட்டியில் வருவது சோறும் பருப்பும்தான், வெட்கத்தில் ராத்தாவுக்குச் சொல்லவில்லையாம். றம்லா அதை மறுபடி போட்டுக் கேட்கவில்லை. நாலு மாதமாகத் தான் மட்டுமே இந்த முட்டுச் சந்துக்குள் நின்றிருக்கிறாள் என்பது மெல்ல மெல்ல உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் முனீப் ஒரே சொல்லில் முடித்துவிட்டான். இனி இந்த விளையாட்டு வேண்டாம். மூன்று நேரமும் அவனே சோறு போட்டுத் தந்தான், அவள் தின்று முடிக்கும்வரை எதிரே இருந்தான். அவன் பயந்துபோயிருந்தது அவளுக்குத் தெரியும். தின்றாள். கடைக்காரர்களும் பொறுத்திருக்கவில்லை, நாலாம் நாள் மறுபடி மாவைக் குழைத்தாள். பத்து நாளில் தாகம் திரும்பியது. ஒரு விடியப்புறம் வலது கால் சுண்டுவிரலில் ஊசி குத்தியது.

அன்று பகல் முனீப் சோற்றுத் தட்டை வைத்தபோது, அவள் மெசினை எடுத்து அவன் முன்னால் விரலைக் குத்திக் காட்டினாள். நூற்று அறுபத்தொன்று. பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். வயலுக்குப் போக எழும்பினவனை, இரண்டு மணித்தியாலம் இருக்கச் சொன்னாள். அவன் கடிகாரத்தையும் அவளையும் பார்த்துக்கொண்டு இருந்தான். மறுபடி குத்தினாள். இருநூற்றெண்பத்திரண்டு.

முனீப் மெசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்ட அரிசி செஞ்ச வேலையா?"

"ஒங்கட அரிசியில ஒரு பிழையுமில்ல. என்ட உடம்புக்கு ஏலாது."

அவன் மெசினை அவளிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனான். அன்று இராச்சாப்பாட்டுக்கு அவளுடைய தட்டில் ஒரு கைப்பிடி சோறு மட்டும் வைத்தான். மீன் துண்டை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். டொக்டரும் அதற்கு ஒப்புக்கொண்டார். கடல் அமைதியான காலத்தில் அந்த ஒரு கைப்பிடியோடு சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் ஏலாது, அது இரண்டாகும், மூன்றாகும், சீனி ஏறும், குளிசை கூடும். பிறகு மாசியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதுதான் தனக்குக் கிடைத்த வழி என்று றம்லா விளங்கிக்கொண்டாள்.

இந்த வருடம் வைகாசியில் முனீப்பின் சொந்தத்தில் ஒரு கலியாணம். பெண்கள் பக்கம் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்தார்கள். நெய்ச்சோறு மலையாகக் குவிந்திருந்தது. ஒரே தட்டில் ஆறு கை விழும்போது ஒரு கை மட்டும் நிற்பது எல்லோர் கண்ணிலும் படும். தின்னுங்க, தின்னுங்க என்றார்கள். ஒருத்தி, வெள்ளாமைக்காரன் பொஞ்சாதி சோத்துக்கு வெக்கப்படுறா என்று சிரித்தாள். றம்லா விரல் நுனியால் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். எழும்பிப் போகவும் ஏலாது, தின்னவும் ஏலாது.

அவளுக்கு இடப்பக்கம் இருந்த மனிசி மூதூர்க்காரி, முன்பின் தெரியாதவள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் றம்லாவின் பக்கத்துச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் அரித்தெடுத்தாள். தன் பங்கு இறைச்சியில் இரண்டு துண்டை இந்தப் பக்கம் தள்ளினாள். யாரும் கவனிக்கவில்லை. றம்லா நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிசி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவுமில்லை. "என்ட மகளுக்கும் சீனி. முப்பது வயசு" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

றம்லா இறைச்சித் துண்டை எடுத்து மெல்லத் தின்றாள்.