மூன்று நாள் வாசகி

என் கொழுந்தனாருக்குத் தை மாதம் திருமணம் நடந்தது. நான் சொல்லப்போவது அதே ஆண்டு ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதுரை அரசரடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது. வீட்டில் எது நடந்தாலும் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்துவது என் வழக்கம். மாமனார் இறந்த நாள், ஆழ்துளைக் கிணறு வற்றிய நாள், கடைசியாகச் சுவருக்கு வெள்ளையடித்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. அதனால் கிழமை தவறாது.

எங்களுடையது கூட்டுக்குடும்பம். என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து உரக்கடை வைத்திருக்கிறார்கள். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி, ஜவுளி, கோர்ட்டு என்று எதற்காக மதுரைக்கு வந்தாலும் முதலில் எங்கள் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். வந்தவர்களுக்குக் காபி, தங்குகிறவர்களுக்குச் சோறு, கிளம்புகிறவர்களுக்குக் கட்டுச்சோறு. இதற்கு நடுவே பிள்ளைகளின் சண்டை, தொலைக்காட்சிச் சத்தம், குக்கர் விசில்.

நான் அஞ்சல் வழியில் வரலாறு படித்தவள். கல்வெட்டுச் செய்திகள், பயணக் கட்டுரைகள், மொழிபெயர்ப்பு நாவல்கள் என்று எது கிடைத்தாலும் படிப்பேன். கிளை நூலகத்தில் நான் பழைய உறுப்பினர். புத்தகம் கிடைப்பதில் எனக்கு என்றுமே சிரமம் இருந்ததில்லை, அதைத் திறந்து உட்காருவதில்தான் சிரமம். கையில் அரிவாள்மனை இருந்தால் யாரும் என்னைக் கூப்பிடத் தயங்குவார்கள். புத்தகம் இருந்தால், "சும்மாத்தானே இருக்க, இதைக் கொஞ்சம் பாரு" என்பார்கள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் நான்கு முறை எழுந்திருப்பேன்.

எனக்கு அமைதியாகப் படிக்கக் கிடைத்தது மாதத்தில் மூன்று நாட்கள் மட்டும்தான். அவை மாதவிலக்கு நாட்கள்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்கள் கீழே புழங்கக் கூடாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சிறிய அறையும் குளியலறையும் உண்டு. அங்கே தனிப்பாய், தனித்தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டை யாராவது கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டுப் போவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பிறகு ஒரு மாதம், மாற்றுச் சேலையோடு ஒரு நூலகப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். அன்றோடு அழுகை நின்றது. அங்கே யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் நான் போகக் கூடாது. சில மாதங்களில் நாள் தள்ளிப்போனால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்துவிடுமே என்று கவலைப்படுவேன். நான் வாழ்க்கையில் படித்த பெரிய புத்தகங்கள் அத்தனையும் அந்த அறையில் படித்தவைதான்.

என் ஓரகத்தி, வீட்டின் இளையவள், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் பிறந்த வீட்டில் இந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். இங்கே வந்ததும், புது மருமகள் என்பதால், சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சித்திரைத் திருவிழாவின்போது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த உறவினர்களால் வீடு நிரம்பி வழிந்தது. "ரெண்டும் சேந்தாப்புலயா போய் உக்காரணும்" என்று அத்தை, அதாவது என் மாமியார், கீழே முனகியது மேலே கேட்டது. எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். இத்தனை கூட்டத்திலும் நான் ஒரு தடித்த நாவலோடு மாடியில் இருக்கிறேன்.

பகல் உச்சியைத் தாண்டியும் சாப்பாடு வரவில்லை. கூட்டத்தில் எங்களை மறந்துவிட்டார்கள். இளையவள் சுவரில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்த இன்னொரு புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

"இதைப் படி. நேரம் போறதே தெரியாது."

"எனக்கு நேரம் போகணும்னு இல்லக்கா. பசிக்குது."

என் பையில் எப்போதும் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். இப்படி மறந்துபோவது புதிதில்லை என்பதால் அது என் பழக்கமாகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். அதற்குப் பிறகு நான் படித்த பக்கத்தை மறுநாள் திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் பூஜை முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் காலைப் பலகாரம். விலக்கான பெண்ணுக்கு எல்லோருக்கும் பிறகு. இளையவளோ காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகவேண்டியவள். நான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மாடியிலிருந்து இறங்கி, வேலைக்குப் போகும் உடையில், தோளில் பையோடு உள்ளே வந்தாள். அது அவளுக்கு இரண்டாம் நாள் என்று எனக்குத் தெரியும். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நின்றபடியே இரண்டு தோசை சாப்பிட்டுக் கை கழுவினாள். அவள் அப்படியே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பூஜை அறைக்கு எட்ட நின்று, பூத் தொடுத்துக்கொண்டிருந்த அத்தையிடம் தானே சொன்னாள்.

"அத்தை, பசிச்சுச்சு. தோசை சுட்டுச் சாப்பிட்டேன். வாரேன்."

அத்தை சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். மாவுப் பாத்திரத்தை எடுத்துவந்து முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். அடுப்படி முழுவதையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தானே கழுவினார். முழங்கால் வலியோடு அவர் குனிந்து தேய்ப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. துடைப்பத்தை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

மாலையில் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். கண் பரிசோதனைக்காகச் சோழவந்தானிலிருந்து வந்திருந்த சின்ன மாமியாரும் இருந்தார். இளையவள் வேலையிலிருந்து வந்து வாசற்படியருகே நின்றாள்.

"நான் ஒண்ணும் புதுசா சட்டம் போடல தாயி," என்றார் அத்தை. "எங்க மாமியா சொன்னத நான் கேட்டேன். நான் சொன்னத மூத்தவ கேட்டா. இந்தா உக்காந்திருக்கா, கேளு. வந்த நாள்லருந்து ஒரு தடவ மூஞ்சியச் சுளிச்சிருப்பாளா? சிரிச்ச முகமா மேல போவா, சிரிச்ச முகமா இறங்குவா."

"அக்காவுக்குப் பழகிருச்சு அத்தை. எனக்குப் பழக வேணாம். ஆஸ்பத்திரியில நாள் பூரா அம்புட்டுப் பேரோட ரத்தத்தையும் நான்தான் எடுக்குறேன். அங்க என்னைய யாரும் தள்ளி நிக்கச் சொல்லல."

"பசிச்சா வெளிய கடையில சாப்புட்டுக்க வேண்டியதுதான ஆத்தா?" என்றார் சின்ன மாமியார்.

"சாப்புடலாம். என் வீட்டுல எனக்கு ஏன் சோறு இல்லைன்னுதான் கேக்குறேன்."

என் கொழுந்தனார் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்னடா சொல்ற?" என்று என் கணவர் கேட்டதற்கு, "நான் என்னத்தண்ணே சொல்ல" என்றார். இளையவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"நான் ஊருக்குப் போறேன். எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

அதில் மிரட்டல் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படி அமைதியாகப் போகிறவர்கள் எளிதில் திரும்பி வருவதில்லை. என் கணவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. இம்புட்டு வருசத்துல உனக்கு இதுல ஏதாச்சும் கஷ்டம் இருந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் அது உண்மை. ஒரே சொல்லில் முடிந்துவிடும். அவள் பேருந்து ஏறிவிடுவாள், எனக்கு என் மாடி அறை இருக்கும். மாறாக எதையாவது சொன்னால் அந்த அறை போய்விடும். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பாதி படித்த புத்தகம் ஒன்று அப்போதும் மேலே பாய்க்கு அடியில் இருந்தது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இளையவள் மட்டும் பார்க்கவில்லை. என்னிடமிருந்து அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்தது.

"எனக்குக் கஷ்டம் இல்ல அத்தை," என்றேன். "மேல போனா யாரும் கூப்புட மாட்டாங்க. உக்காந்து புத்தகம் படிப்பேன். அதுக்காகத்தான் சிரிச்ச முகமா போனேன். சாமிக்காகப் போகல."



"அடியாத்தி," என்றார் சின்ன மாமியார். "வீட்டுக்குத் தூரம் எப்ப வரும்னு ஏங்கிக் கெடந்த மகராசிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அத்தை சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். "படிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"சொல்லியிருந்தா விட்டுருப்பீங்களா அத்தை?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷி அவர். சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் "ஆமாம்" என்றிருப்பார்.

"அடுத்த தடவ நானும் மேல போகப் போறதில்ல. அவளுக்கு என்னவோ அதுதான் எனக்கும்," என்றேன். இளையவள் பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் வாசலை விட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடியில் பையோடு.

சொன்னது எளிதாக இருந்தது. ஆடி மாதம் பிறந்து எனக்கு நாள் வந்த அன்று காலையில்தான் அது எத்தனை கடினம் என்று தெரிந்தது. கால் தானாகவே மாடிப்படியில் போய் நின்றது. மேலே புதிதாக எடுத்துவந்த புத்தகம் இருந்தது. கீழே சொந்தக்காரர்கள் இரண்டு பேர் காபிக்குக் காத்திருந்தார்கள். அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். நான் போட்ட காபியை அவர் தொடவில்லை. பூஜை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று நாளும் கூடத்து மூலையில் மின்சார அடுப்பை வைத்துத் தனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். இளையவள் வழக்கம்போலச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வந்தாள்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. என் நாள்காட்டித் தாள்களில் அந்த மாதங்களில் புத்தகத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. எடுத்த புத்தகங்களைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். சில சமயம் இளையவள் மேல் கோபம்கூட வந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில், "நீங்க மேல போய்ப் படிங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள், கடுகு டப்பா எங்கே என்று கீழேயிருந்து என் மகன் கத்தினான். பிறகு இஞ்சி எங்கே என்று. இறங்கி வந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிறு பிற்பகல், வேலையெல்லாம் முடிந்திருந்ததால் புத்தகத்தோடு மாடிக்குப் போனேன். சிறிது நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வாடிப்பட்டியிலிருந்து அத்தையின் அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். பக்கத்தை மடித்துவைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். பாதிப் படியில் பேச்சுச் சத்தம் கேட்டு நின்றேன்.

"எங்க மூத்தவளக் காணோம்? வீட்டுக்குத் தூரமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்ல மதினி. மேல படிச்சுக்கிட்டு இருக்கா."

"படிக்கிறாளா? இந்த வயசுல என்ன பரீச்சை?"

"பரீச்சை எல்லாம் இல்ல. சும்மா படிக்கிறா. இருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்."

அத்தை தரையில் கையூன்றி எழுந்திருப்பதும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பதும் கேட்டது. இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. சத்தம் கேட்காமல் திரும்ப மேலே ஏறினேன். அன்று அதற்குப் பிறகு ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. ஆனாலும் அவர்கள் விடைபெறும் குரல் கேட்கும்வரை புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் விலக்கு நாட்களில் நாங்கள் சமைப்பதை அத்தை சாப்பிடுவதில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை. மாடி அறைக்கு நான் எந்த நாளும் போகலாம் என்று ஆகியிருக்கிறது, சில நாள் கால் மணி நேரம் கிடைக்கும், பல நாள் அதுவும் கிடைக்காது. வேறு எந்தக் காரணத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், "படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் படியேறுவதற்கு, ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்களிடம் இருப்பதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை, அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் உணர்கிறேன்.