மணப்பெண் முகத்தில் வெள்ளைக் கீற்று

சங்கரன்கோவிலில் நான் ஸ்டுடியோ தொடங்கிய புதிதில் குருவிகுளத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது மணப்பெண்ணின் முகத்தை மறைத்து ஒரு வெள்ளைக் கீற்று விழுந்திருந்தது. படத்தைக் கொடுத்த சில நாளில் மாப்பிள்ளையின் அம்மா அந்தப் படத்தோடு வந்தார். மருமகளும் கூட வந்திருந்தாள்.

“இவ மூஞ்சில மட்டும் புகை மாதிரி இருக்கு அண்ணாச்சி. இது நல்லதுக்கில்லன்னு ஊருல பேசுதாங்க.”

அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அண்மையில் வெயிலில் எடுத்த மற்றப் படங்களை எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கீற்று. ஒன்றில் அது காளை மாட்டின் கொம்பில் விழுந்திருந்தது.

காமிராவை இருட்டறைக்குக் கொண்டுபோய் இருவரையும் உள்ளே அழைத்தேன். லென்ஸுக்குப் பின்னால் விசிறிபோல் மடிந்திருக்கும் தோலுக்குள் டார்ச் லைட்டை எரியவிட்டேன். ஒரு மடிப்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

“இந்த ஓட்டை வழியா வெயில் உள்ள போயிருக்கு. ஒங்க மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல.”

மாமியார் விரலால் அந்தப் புள்ளியை மூடினார். வெளிச்சம் மறைந்தது. விரலை எடுத்தார். மீண்டும் தெரிந்தது.

“வீணா புள்ளைய அழ வச்சிட்டேனே,” என்று மருமகளை அணைத்துக்கொண்டார்.

ஓட்டையின் மேல் கறுப்புத் துணியைப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் அந்தப் பெண்ணை வெயிலில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். மூக்குத்திக் கல் வரை பளிச்சென்று விழுந்தது. அந்தப் படத்தைத்தான் ஸ்டுடியோ வாசலில் பெரிதாக மாட்டினேன்.