ஊசி வைக்க ஒரு ஃப்ரிட்ஜ்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஒரு காலை குளித்துவிட்டு வரும்போது ஈரத் தரையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்தேன்.

மரக்காணம் உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகளுக்குச் சென்னையில் வேலை. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, முறிந்த இடுப்பில் பிளேட் வைத்தார்கள்.

"வீசிங்குக்கு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. அது எலும்பை உள்ளுக்குள்ள அரிச்சிடுச்சு" என்றார் டாக்டர்.

"எலும்பு தேய்மானம் பொம்பளைங்களுக்குத்தானே சார் வரும்?"

"ஆம்பளைக்கும் வரும். யாரும் பார்க்கறதில்ல."

மகள் லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாள். சென்னைக்கு வரச் சொன்னாள், நான் போகவில்லை. அவள் கிளம்பிய பிறகு மெஸ் சாப்பாடும் வாக்கரும்தான் துணை. மாதங்கள் போயும் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே இருந்தது. டாக்டர் ஒரு புது ஊசி எழுதினார். எலும்பை வளர வைக்குமாம், தினமும் நானே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

"இதனால இடுப்பு சீக்கிரம் கூடிடும்னு உறுதியா சொல்ல மாட்டேன். எலும்பு பலமாகும். போட்டுப் பாப்போம். ஃப்ரிட்ஜுலதான் வைக்கணும்."

என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே ஃப்ரிட்ஜ், ரோட்டோரக் கூல்டிரிங்ஸ் கடையில்தான். கடையை நடத்தியவர் கோட்டக்குப்பத்துப் பெண், கணவர் குவைத்தில். சோடா வாங்கியதைத் தவிர அவரிடம் நான் பேசியதே இல்லை. அந்த வாரம் வந்திருந்த மகள் போய்க் கேட்டதும் சரி என்றுவிட்டார்.

கடை திறந்ததும் காலையில் சின்ன ஃப்ளாஸ்க்கில் ஊசியைக் கொண்டுவருவார். பேனா மாதிரி இருக்கும். நான் உள்ளே போய்ப் போட்டுக்கொள்வேன். முதல் நாள் தலை சுற்றியதைப் பார்த்ததிலிருந்து, நான் வாசலுக்கு வந்து "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லும்வரை அவர் போகமாட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பேச்சு. உப்பளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா, அவருடைய மகள் பரீட்சை எழுதினாளா, இதுதான். மீதி நாள் முழுக்க என் குரல் எனக்கே கேட்காது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கரண்ட் போய் வரவே இல்லை. மறுநாள் காலை அவர் வரத் தாமதமானது. தொப்பலாக நனைந்து வந்தார்.

"ஐஸ்ல வெச்சா ஊசி உறைஞ்சு கெட்டுடும்னு மெடிக்கல்ல சொன்னாங்க. அதான் ராத்திரியே ஊசியை எடுத்துக்கிட்டு பஸ்ஸைப் புடிச்சு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அங்க கரண்ட் இருக்குது."

"எனக்காக எதுக்கும்மா இவ்ளோ சிரமம்?"

"என்னைப் பெத்த அத்தாவுக்கும் இடுப்புதான் உடைஞ்சுது அய்யா. அப்ப இந்த ஊசியெல்லாம் இல்ல. படுத்தவரு எழுந்திரிக்கவே இல்ல" என்றார். முந்தானையைப் பிழிந்துகொண்டே மழையைப் பார்த்தார். "போய்ப் போட்டுக்குங்க. நேரமாவுது."

விஷயத்தைப் போனில் மகளிடம் சொன்னேன். அவள் பதறிப்போனாள். அடுத்த வாரமே டெம்போவில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது, கரண்ட் போனாலும் குளிர் நிற்கும் பெரிய ஃப்ரிட்ஜ்.

"இனிமே யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்ப்பா" என்றாள் மகள் போனில்.

கடைக்காரப் பெண் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைத் திறந்து பார்த்து, "நல்ல ஃப்ரிட்ஜு. எனக்கும் ஒரு வேலை குறைஞ்சுது" என்று சிரித்துவிட்டுப் போனார். உள்ளே அந்த ஊசியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. மறுநாளிலிருந்து ஊசி போட்டபின் கட்டிலிலேயே உட்கார்ந்து, தலை சுற்றுகிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் எலும்பு கூடிவிட்டது. ஊசியாலா, காலத்தாலா என்று கேட்டேன். "ரெண்டும்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். கம்பை ஊன்றிக் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன் அய்யா."

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். அவர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு நடந்தேன்.