கிருமிகளுக்காக எரிந்த விளக்கு

ஆராய்ச்சிக்கென மேலதிக மண்ணெண்ணெய் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்போது நான் பெரிய கிளாக்கர். விதிகளை வாசிப்பவர்கள் அரிது. நான் வாசித்தேன், நம்பவும் செய்தேன்.

எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி நடத்தினார். மாத்தளை நகரத்து முஸ்லிம் குடும்பத்தவர். ஒரே லயத்தில், ஒட்டியொட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே கஞ்சியைக் குடிக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்று தேறுகிறது, மற்றது வயிற்றோட்டத்தில் உருகிப் போகிறது. ஏன்? குடலில் வாழும் கிருமிகளிடம் விடை இருக்கிறது என்பது அவர் எண்ணம். அவை காற்றுப் பட்டால் செத்துவிடும். ஒருமுறை பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனபோது ஜாடிக்குள் காற்று புகுந்து பாதி அழிந்தது. அதனால் எடுத்த இடத்திலேயே வளர்த்தார்கள், உடம்புச் சூடு குறையாத ஒரு பெட்டியில். மின்சாரம் இல்லை. பெட்டியின் அடியில் எந்நேரமும் மண்ணெண்ணெய் விளக்கு எரிய வேண்டும்.

அந்த வேலை அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவனுடையது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்த பையன். பேராசிரியர் அவனிடம் எதையும் செய்யச் சொல்லி நான் பார்த்ததில்லை; கேள்வி மட்டுமே கேட்பார். விதித்த நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வீட்டில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்காமல் அங்கே மல மாதிரி எடுக்கக்கூடாது. போத்தலில் குழந்தையின் பெயரை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தது அவனேதான்.

"எங்க புள்ளையோட பீய அள்ளிக்கிட்டுப் போகத்தான் இவ்வளவு படிச்சீங்களா தம்பி?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"ஆமாங்க்கா. பட்டம் கெடச்சா நாடு முழுக்க அள்ளுவேன்" என்பான்.

இரண்டு வருடத்தில் அந்தக் குழந்தைகளில் சிலர் இறந்துவிட்டார்கள். பலர் இரு நாட்டு அரசுகளின் குடியுரிமை ஒப்பந்தத்தின்படி பெற்றோருடன் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இந்த நாட்டில் அவர்களுடையது என்று மிஞ்சியது அந்தப் போத்தல்கள்தான். மறுபடி எடுக்க முடியாது.

ஐப்பசியில் தோட்டத்துக்கான எண்ணெயைக் குறைத்தார்கள். நான் உரிய படிவத்தில், உரிய பிரதிகளுடன் விண்ணப்பித்தேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு விநியோக அலுவலகத்துக்கு நேரில் போனேன்.

"வெளக்கு எந்த நோயாளிக்கு?" என்றார் விநியோக அதிகாரி.

"கிருமிகளுக்கு."

"கிருமிய கொல்லத்தான் கவர்மென்ட் மருந்து குடுக்குது. வளக்க எண்ணெயும் குடுக்கணுமா? நல்லா இருக்கே ஐயா!"

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். விதியின் இலக்கத்தைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

கார்த்திகையில் விளக்கில் கடைசி எண்ணெய் எரிந்துகொண்டிருந்த சாயங்காலம், லயத்துப் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு சாராயப் போத்தலில் தங்கள் கூப்பன் எண்ணெய். அவர்களது ஒற்றையறைக் காம்பராக்களில் அதைத் தவிர வெளிச்சம் கிடையாது.

பேராசிரியர் மாணவனைப் பார்த்தார். "என்ன செய்யப் போறீங்க?" வழக்கமான கேள்விதான்.

அவன் ஒரு போத்தலை வாங்கி, அதைக் கொண்டுவந்தவளின் கையிலேயே திருப்பி வைத்தான். "கொண்டுபோங்கக்கா" என்றான்.

"நாங்க இருட்டுக்குப் பழகினவங்க தம்பி. ஊத்துங்க."

"அந்த இருட்டுல பொறந்தவன்தாங்க்கா நானும். கொண்டுபோங்க."

ஒருத்தி மட்டும் நகரவில்லை. அவளுடைய மகன் இறந்துபோனவர்களில் ஒருவன். "எம் புள்ள போத்தலுக்கு மட்டும் ஊத்துங்களேன்" என்றாள். எல்லாப் போத்தல்களுக்கும் பெட்டி ஒன்றுதான், விளக்கு ஒன்றுதான் என்று அவளுக்கு விளக்க எங்கள் மூவராலும் முடியவில்லை. அவள் தன் எண்ணெயை ஊற்றினாள். விடியும்வரைகூட அது போதவில்லை.

அதன் பிறகு எதுவும் வளரவில்லை. பேராசிரியர் ஒவ்வொரு போத்தலாக எடுத்துப் பெயரைப் படித்துவிட்டு வைத்தார். மாணவன் பல்கலைக்கழகப் பதிவை ரத்துச் செய்ய என்னிடமே விண்ணப்பம் எழுதி வாங்கினான். அதற்குப் பதில் நாலே நாளில் வந்தது. மார்கழியில் அவனும் குடும்பத்தோடு, இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினான்.

வேலைக்காலம் முழுக்க முறைப்படி எழுதியே வாழ்ந்தவன் நான். இன்று யாராவது என்னிடம் விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னால், சில்லிட்டுக் கிடந்த அந்தப் பெட்டிதான் முதலில் கைக்குத் தட்டுப்படுகிறது. மண்ணெண்ணெய்க்கு அனுமதி வராமல் போய்விடவில்லை. 'அவசரம்' என்று சிவப்பு முத்திரை குத்தி வந்தது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.