ஐந்தாவது ஆள்

என் அக்கா பல் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது உன் கைவேலைதான் என்று நான் சொன்னால், "பாதி இல்லடி, கால்வாசி" என்று திருத்துவாள். டென்டல் லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். யாருடைய வாய் என்றே தெரியாமல் ஓர் அச்சு வரும். அதில் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று நாலு முறை பார்ப்பாள். பக்கத்து மேஜையில் நான் மெருகு போடுகிறவள். பல்செட் வாங்கிப் போனவர் யாரும் திரும்பி வந்து அவளுக்கு நன்றி சொன்னதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் மட்டும்தான்.

வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு இதே பிழைப்புதான். மாமா ஏசி மெக்கானிக். கல்யாணமான புதிதில் அவர்தான் அவளைக் கம்ப்யூட்டர் விளையாட்டில் இழுத்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு, கூட்டமாகப் போய் அரக்கர்களை அடிக்கிற விளையாட்டு. மாமா வாள் பிடிப்பார். அக்கா வைத்தியர். பின்னால் நின்றுகொண்டு, யாருக்கு உயிர் குறைகிறதோ அவருக்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரக்கன் விழுந்தால் வெட்டியவருக்குப் பெயர். நம் ஆள் விழுந்தால் வைத்தியர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

குழுவில் ஐந்து பேர். இவர்கள் இரண்டு பேர், ஒரு பஸ் டிரைவர், ஒரு அச்சகக்காரர், எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. எட்டு வருஷமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மலையுச்சியில் இருக்கும் கல் அரக்கனை அடிக்கப் போவார்கள். அவனுக்கு இவர்கள் வைத்த பெயர் 'பெரியவர்'. வாரத்துக்கு ஒருமுறைதான் அவரை வீழ்த்த முடியும். விழுந்தால் கவசமோ வாளோ ஏதாவது உதிர்ப்பார். உதிர்ந்ததை முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். அக்கா தன் முறை வரும்போதெல்லாம், "எனக்கெதுக்குக் கவசம், நீங்க எடுத்துக்குங்க" என்று தள்ளிவிடுவாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உயிர்மணி. அதை ஒருமுறை அடித்தால், செத்துக் கிடக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். வைத்தியர் மட்டும்தான் அதைக் கையில் பிடிக்க முடியும். பெரியவர் எப்போதாவதுதான் அதை உதிர்ப்பார்; நாலு வருஷமாக இவர்களுக்கு விழவில்லை. ஒருவர் விழுந்து, அவரை எழுப்புவதற்குள் இன்னொருவர் விழுந்து, எல்லாம் பாழாய்ப் போகிற நாட்களில் அக்கா மறுநாள் லேபில்கூட உம்மென்று இருப்பாள். "மணி மட்டும் இருந்தா ஒருத்தரையும் சாக விடமாட்டேன்டி" என்பாள். குழுவிலும் எல்லோரும் ஒரே குரலில் சொல்லி வைத்திருந்தார்கள்: மணி விழுந்தால் அது உங்களுக்குத்தான், வேறு யாருக்கு?

இந்த லட்சணத்தில் டிரைவர் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். மூன்று பேர் போனால் பெரியவர் ஒரு பொருள் உதிர்ப்பார். நாலு பேருக்கு இரண்டு. ஐந்து பேருக்கும் அதே இரண்டுதான். ஆறு பேரானால்தான் மூன்று. ஆக, ஐந்தாவது ஆளால் பெரியவரின் பலம் கூடுகிறதே தவிர, விழுகிற பொருள் கூடுவதில்லை. பயணிகளை எண்ணி எண்ணிப் பழகிய மனுஷன், இதையும் எண்ணிவிட்டார்.

இது அக்கா காதுக்கு வரவில்லை. அவளுக்கு வந்ததெல்லாம் மாமா சொன்ன சேதிதான். "இந்த ஞாயிறு விளையாட்டு இல்ல. சர்வர்ல ஏதோ பராமரிப்பாம்." அடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு நான் போயிருந்தபோது, "இன்னிக்கும் பராமரிப்புதான்" என்று சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போய்விட்டார். அக்காவும் நம்பினாள். கட்டின புருஷன் சர்வர் விஷயத்தில் பொய் சொல்வான் என்று யார்தான் நினைப்பார்கள்?

சும்மா இருக்கிற நேரத்தில் குழுவின் பொதுப்பெட்டியை ஒழுங்குபடுத்தலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். பராமரிப்பு நேரத்திலும் விளையாட்டு திறந்துகொண்டதே என்று அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். அந்தப் பெட்டியில் அவள் காய்ச்சி வைத்த மருந்துப் புட்டிகள் இருக்கும். என்றாவது தனக்குக் காய்ச்சல் வந்து விளையாட முடியாமல் போனால் இவர்கள் சாகக்கூடாதே என்று, வாரா வாரம் மூலிகை பறித்துச் சேர்த்தவை. நூற்றெழுபது புட்டி இருந்த இடத்தில் ஒன்பது இருந்தது.

யார் எடுத்தார்கள் என்று பெட்டியின் குறிப்பைத் திறந்தாள். குழுவுக்குக் கிடைத்தது, போனது எல்லாவற்றுக்கும் பெட்டி இப்படியொரு குறிப்பு வைக்கும் என்பதே மற்ற நாலு பேருக்கும் தெரியாது. பெட்டிப் பக்கம் போகிறவள் அவள் ஒருத்திதானே! மூன்று வாரமாக, சனிக்கிழமை மதியம் மூன்று மணி. நாங்கள் இரண்டு பேரும் லேபில் இருக்கிற நேரம். நாலு பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று புட்டிகளை எடுத்திருந்தார்கள். அவள் காய்ச்சிய மருந்தை வைத்துக்கொண்டே அவள் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

கீழே நேற்றைய வரி இருந்தது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். உயிர்மணி கிடைத்தது. உயிர்மணி உடைக்கப்பட்டது. சம்மதம்: நால்வர்.

கூட வராதவருக்கு அந்தப் பொருளைக் கொடுக்க முடியாது. பையில் வைத்திருந்தால் அக்கா கண்ணில் படும். அதனால் பொடியாக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அரிதான பொருளை உடைக்க, இருக்கிற அத்தனை பேரும் சம்மதம் என்று அழுத்த வேண்டும். ஒருவர் மறுத்தாலும் உடையாது.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அக்கா கத்தவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது.

"மணி விழுந்துச்சாமே" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது... விளையாட்டுதானே."

"நீங்களும் அழுத்தினீங்களா?"

"எல்லாரும் அழுத்தினாங்க. நான் மட்டும் எப்படி..." என்று இழுத்தவர், டிரைவர் போட்ட கணக்கை முதலிலிருந்து ஒப்பித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு சர்வர், பராமரிப்புன்னு கதை?"

மாமா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொல்லியிருந்தா நீ சரின்னு ஒதுங்கியிருப்பே. சிரிச்சுக்கிட்டே ஒதுங்குவே. அதைப் பாக்க எங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல."

அட பாவி மனுஷா! அவளுடைய நல்ல குணத்தைக்கூட அவள் இல்லாத இடத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக அவர்களைச் சாக விடாமல் பார்த்துக்கொண்டவள், அவர்களுடைய சங்கடத்துக்கும் சேர்த்து ஏமாந்திருக்கிறாள். அக்கா கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

மாமாவுக்கு அவள் அழுவதற்குள் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுக்கு ஒரு வழி இருக்கு. டிரைவரோட டிப்போவுல ஒருத்தர் நல்லா ஆடுவாராம். அவரையும் சேர்த்தா நாம ஆறு பேர். ஆறு பேருக்கு மூணு விழும். அப்போ நீ வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்ல."

"அவர் வரலைன்னா?" என்றாள் அக்கா.

"நீ இல்லாம எப்படி" என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். இத்தனை பொய் சொன்னவருக்கு இன்னொன்று பாரமா? மனுஷன் உண்மையிலேயே யோசித்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எண்ணி முடிப்பதற்குள் குழுவின் பட்டியலைத் திறந்து, தன் பெயரைத் தானே நீக்கினாள்.