நகர நடுவில் ஓர் ஐஸ் மண்டபம் இருந்தது

ஐஸ் ஹாக்கி மண்டபத்தில் வேலை என்றால் ஓசியில் விளையாட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், தயவுசெய்து ஒரு சனிக்கிழமை முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நின்றுவிட்டு வந்து பேசவும். சம்பளத்துக்காக விறைத்த சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கைதட்டு

இடைவேளையில் ஐஸ் தளத்தைச் சீவி வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுவது என் வேலை. அது சுற்றி வரும்போது கைதட்டுவது இங்கே வழக்கம். தரை பளபளத்தால் ஜெர்மன்காரருக்கு அப்படியோர் ஆனந்தம். எங்கள் அணி கோல்களாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருநாள், வுப்பர்டால் நகரத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் சொன்னான்: "அண்ணை, பேசாம உங்களையே விளையாட விடச் சொல்லுங்கோ. சனம் உங்களுக்குத்தான் கைதட்டுது."

நகரத்தின் இதயம்

தேர்தல் வந்தால் நகரசபை உறுப்பினர் ஒருவர் அணியின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். இந்த மண்டபம்தான் நகரத்தின் இதயம் என்பார். ஒழுகும் கூரையைக் காட்டினால் அண்ணாந்து பார்த்து உருகுவார்.

தேர்தல் முடிந்தது. பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது, இடித்துவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகக் கட்டலாம் என்று சபையில் வாக்கெடுத்தபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். எனக்கு இந்த வயதில் எவன் வேலை தருவான்? நேரில் போய்க் கேட்டேன். தோளில் தட்டிச் சொன்னார்: "கவலைப்படாதீர்கள், புதிய மண்டபத்தில் ஐஸ் இன்னும் நன்றாக இருக்கும்."

கடைசி ஆட்டம்

கடைசி ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஸ்பானருடன் வந்து, தாங்கள் உட்கார்ந்த கதிரைகளை ஞாபகார்த்தமாகக் கழற்றினார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நானும் ஒன்றைக் கழற்றினேன். புதிய மண்டபத்தில் எனக்கு இடமில்லை என்று பதில் வந்ததும் அதே வாரம்தான். வீட்டில் என் மனுசி கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேலை தேடிக்கொண்டு வாங்கோ எண்டா, கதிரை தூக்கிக்கொண்டு வாறியள்."

சரளைக்கல்

இடித்த இடத்தில் பிரமாண்டமான வணிக வளாகம் வரும் என்றார்கள். வந்தது சரளைக்கல் போட்ட கார் தரிப்பிடம். ஆட்ட நாட்களில் ரசிகர்கள் இங்கே காரை விட்டுவிட்டு, புதிய மண்டபத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். மழையில் நின்று அந்தக் கார்களுக்குக் கை காட்டுவதுதான் இப்போது என் பிழைப்பு.

போன வாரம் அதே நகரசபை உறுப்பினர், அதே சால்வையுடன் வந்து இறங்கினார். என்னை அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "முன்பெல்லாம் வீட்டிலிருந்து நடந்தே வருவேன். நகர நடுவில் இருந்த மண்டபத்தை இடிக்க எந்த மடையனுக்குத் தோன்றியதோ!"

மறதி என்பதும் ஒரு பதவிச் சலுகை போலிருக்கிறது, வண்டி ஓட்டினவனுக்கெல்லாம் அதைக் கொடுப்பதில்லை.